குளிரக் குளிர வெளிக்கிடுங்கோ

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் ஓட வெளிக்கிட்ட கோலத்தைப் பார்த்து மனைவி கேட்டாள்: "என்னப்பா, ஓடப் போறியளோ, ஊருக்குப் போறியளோ?" பருத்திப் பெனியன், பருத்திச் சேட்டு, கம்பளிச் சுவெற்றர், எல்லாவற்றுக்கும் மேலே பஸ்ஸுக்கு நிற்கும்போது போடும் மொத்த ஜக்கெற். ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக் ஓடைக்கரையில் மூன்று கிலோமீற்றர் போவதற்குள் சித்திரை வெயிலில் நின்றதுபோல் வேர்த்துக் கொட்டியது. சப்பாத்துக் கயிறு கட்ட நின்றேன். நனைந்த பெனியன் ஐஸாக முதுகில் ஒட்டிக்கொண்டது. பல் கிட்டக் கிட்ட வீடுவரை நடந்துதான் வந்தேன்.

கூட ஓடும் தம்பி ஒருவன் அடுத்த கிழமை சொன்னான்: "அண்ணை, வெளிக்கிடேக்க உங்களுக்குக் குளிரவேணும். குளிரேல்லையெண்டா ஒண்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் போகிறது. ஆகவே வெளியே இருப்பதைவிடப் பத்துப் பாகை கூட என்று நினைத்து உடுப்பது இங்குள்ள ஓட்டக்காரர் வழக்கம். கூட உடுத்தால் வேர்க்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுக்கும்; பருத்தியோ அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. பொலியெஸ்ரர் குடிப்பதேயில்லை எனலாம். மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை வாங்கியும் ஈரமாகத் தெரியாது. பருத்திமேல் எங்களுக்குள்ள பாசம் ஊர் வெக்கையோடு நிற்கட்டும்.

பங்குனிக் கடைசியில் ஹமில்ற்றனில் 'அரவுண்ட் த பே' 30 கிலோமீற்றர் ஓட்டம். 1894இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனுக்கு மூன்று வயது மூப்பு. அதற்குப் பழகுவதென்றால் தை, மாசியில் ஓடித்தான் ஆகவேண்டும். பூச்சியப் பாகையில் எனக்கு உடம்போடு ஒட்டிய நீளக்கைப் பொலியெஸ்ரரும் மெல்லிய காற்றுத் தடுப்பு ஜக்கெற்றும் போதும். மறை 10 என்றால் உள்ளே மெரினோ, நடுவில் மெல்லிய ஃபிளீஸ், மேலே அதே ஜக்கெற். சூடு ஏறினால் முதலில் கழுத்துச் சிப்பைத் திறப்பேன். மழைக்கோட்டு வேண்டாம்; வேர்வையை உள்ளேயே பூட்டிவைக்கும், விலையும் கூட.

கையுறையில் விரல்கள் ஒன்றாக இருக்கும் வகைதான் சூடு. ஆண்களுக்கு இன்னொன்று: முன்பக்கம் காற்றுப் புகாத உள்ளாடை. ஏன் என்று ஒருமுறை ஓடிப் பார்த்தவர் கேட்கமாட்டார்.

காற்றை மறக்கவேண்டாம். மறை 10இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்றடித்தால் தோலுக்கு அது மறை 20. போர்ட் யூனியனில் ஏரிக்காற்று முகத்தில் அறையும். அதனால் போகும்போதே எதிர்க்காற்றில் போய்விடுவேன். வேர்த்த உடம்போடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்கவேண்டும். காற்றுக்குளிர் மறை 28ஐத் தாண்டினால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அன்றைக்கு நான் வீட்டில்தான்.

ஓடிவிட்டு வந்தால் தேத்தண்ணிக்கு முன்னம் நனைந்த உடுப்பை மாற்றுங்கோ.