பெர்மனென்ட் அட்ரஸ்: ஃப்ரெடி மெர்க்குரி குடியிருந்த வீடுகள்

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.



போன மாசம் ஆஃபீஸ்ல ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. அதுல வழக்கம்போல ரெண்டு கட்டம். தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. முதல் கட்டத்துல பின்கோடு ஞாபகம் வரல. ஏழு வருஷத்துல அஞ்சு வீடு மாறியாச்சு, எதுன்னு ஞாபகம் வச்சுக்கறது? ரெண்டாவது கட்டத்தை மட்டும் யோசிக்காமலே எழுதிட்டேன். திருச்சியில அம்மா அப்பா இருக்கற வீடு. வருஷத்துக்குப் பத்து நாள்கூட நான் அங்க இருக்கறதில்ல. ஆனா நிரந்தரம்னா கை தானா அந்த அட்ரஸைத்தான் எழுதுது.

அன்னைக்கு ராத்திரி குயீன் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தப்போ ஒரு கேள்வி வந்துச்சு. ஃப்ரெடி மெர்க்குரிகிட்ட இந்த ஃபார்மைக் கொடுத்திருந்தா ரெண்டாவது கட்டத்துல என்ன எழுதியிருப்பார்?

சும்மா விளையாட்டா தேட ஆரம்பிச்சேன். ஆனா இதுக்கு ஒருவிதமான அதிகாரபூர்வ பதிலே இருக்கு. லண்டன்ல அவருக்கு ஒரு பெரிய மாளிகை இருந்தது. ஆனா 'இவர் இங்கே வாழ்ந்தார்'ன்னு சொல்ற புகழ்பெற்ற நீலப் பலகை அந்த மாளிகையில இல்ல. ஏர்போர்ட் பக்கத்துல, அவரோட அப்பா அம்மா இருந்த சின்ன வீட்டுல இருக்கு. ஏன் அங்க? அதைத்தான் இன்னைக்கு பார்க்கப் போறோம்.

முதல்ல நீலப் பலகை

லண்டன்ல நடந்து போனா சில வீட்டுச் சுவர்ல வட்டமா ஒரு நீலப் பலகை பதிச்சிருக்கும். பேரு, பிறந்த வருஷம், இறந்த வருஷம், என்ன செஞ்சார், இங்கே வாழ்ந்தார். அவ்வளவுதான் விஷயம். 1866ல ஆரம்பிச்ச திட்டம் இது. முதல் பலகை 1867ல கவிஞர் பைரன் பிறந்த வீட்டுக்கு வச்சாங்க. அந்த வீட்டையே 1889ல இடிச்சுட்டாங்க, பலகையும் போச்சு. இப்போ இந்தத் திட்டத்தை நடத்துறது இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்ங்கற அமைப்பு. ஆயிரத்துக்கும் மேல பலகைகள் இருக்கு.

இதுக்கு ரூல்ஸ் உண்டு. அந்த நபர் இறந்து 20 வருஷம் ஆகியிருக்கணும். அவர் இருந்த கட்டடம் இன்னும் நிக்கணும். தெருவுல நின்னு பார்த்தா பலகை தெரியணும். வீட்டு ஓனர் சம்மதிக்கணும். பொதுவா இப்போ ஒருத்தருக்கு ஒரு பலகைதான். ஆக, பத்து வீட்டுல இருந்தவரா இருந்தாலும் ஒரே ஒரு கதவைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கிட்டத்தட்ட நம்ம ஃபார்ம்ல வர்ற ரெண்டாவது கட்டம் மாதிரியே.

ஃப்ரெடியோட பலகை 2016 செப்டம்பர் 1 அன்னைக்கு திறக்கப்பட்டது. உயிரோட இருந்திருந்தா அடுத்த நாலு நாள்ல அவருக்கு 70 வயசு ஆகியிருக்கும்.

சான்சிபார்: எந்த வீடு?

கொஞ்சம் பின்னாடி போவோம். ஃப்ரெடியோட நிஜப் பேரு ஃபரூக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5, சான்சிபார் தீவுல பிறந்தார். ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரைக்குப் பக்கத்துல இருக்கற அந்தத் தீவு அப்போ பிரிட்டிஷ் பாதுகாப்புல இருந்தது. பெற்றோர் குஜராத்துல இருந்து போன பார்சிகள். புல்சார்ங்கற ஊர்ப் பேருதான் குடும்பப் பேரா ஆச்சு. இப்போ அந்த ஊரை வல்சாட்னு சொல்றோம். அப்பாவுக்கு ஹைகோர்ட்ல கேஷியர் வேலை, அரசாங்க உத்தியோகம்.

எட்டு வயசுல பையனை இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. மகாராஷ்டிராவுல மலை மேல இருக்கற பஞ்ச்கனி, அங்க செயின்ட் பீட்டர்ஸ் போர்டிங் ஸ்கூல். 'ஹாஸ்டல் பையன்'னு நாம சொல்லுவோமே, அந்த ரகம். லீவுல பல தடவை பம்பாயில சொந்தக்காரங்க வீடு. அதாவது பத்து வயசுக்குள்ளயே அவருக்கு மூணு 'வீடு' இருந்தது. மூணுல எதுவும் முழுசா வீடு இல்ல.

இப்போ சான்சிபாரோட ஸ்டோன் டவுனுக்குப் போனா, 'இதுதான் ஃப்ரெடி வீடு'ன்னு ஒண்ணுக்கு மேல கட்டடங்களைக் காட்டுவாங்க. குடும்பம் வீடு மாறியிருக்கு, ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கதை இருக்கு. ஷங்கானி பகுதியில ஒரு கட்டடத்தை 2019ல மியூசியமா ஆக்கியிருக்காங்க. டூரிஸ்டுகள் வாசல்ல நின்னு போட்டோ எடுக்கறாங்க. ஆனா அந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவு சுலபம் இல்ல. 2006ல அவரோட 60வது பிறந்தநாளை அங்க கடற்கரையில கொண்டாட ஏற்பாடு நடந்தது. அவர் வாழ்ந்த விதம் எங்களுக்கு ஏற்புடையது இல்லைன்னு ஒரு மத அமைப்பு எதிர்த்ததால ரத்தாச்சு.

ஃபெல்தம்: ஓடி வந்த வீடு

1964 ஜனவரியில சான்சிபார்ல புரட்சி. சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான அரபியர்களும் இந்திய வம்சாவளியினரும் கொல்லப்பட்டாங்க. தப்பிச்ச குடும்பங்கள்ல புல்சாரா குடும்பமும் ஒண்ணு. ஃப்ரெடிக்கு அப்போ 17 வயசு. கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு இங்கிலாந்துக்கு வந்தாங்க.

அப்படி வந்து சேர்ந்த வீடுதான் 22, கிளாட்ஸ்டன் அவென்யூ, ஃபெல்தம். லண்டனோட மேற்கு ஓரம், ஹீத்ரோ விமான நிலையம் பக்கத்துலயே. வேலைக்காரங்க, வீடுகள்ல உதவி பண்ற ஆட்கள்னு இருந்த சான்சிபார் வாழ்க்கை முடிஞ்சு, எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிச்ச இடம் அது. ஃப்ரெடி இங்கிருந்துதான் ஐல்வர்த் பாலிடெக்னிக் போனார், அப்புறம் ஈலிங் ஆர்ட் காலேஜ்ல கிராஃபிக் டிசைன் படிச்சார். செலவுக்கு ஹீத்ரோவுல பெட்டி ஏத்துற வேலையும் பார்த்திருக்கார்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. குயீனோட கிட்டாரிஸ்ட் ப்ரையன் மே வளர்ந்ததும் ஃபெல்தம்லதான். நடந்து போற தூரம். ஆனா அப்போ ரெண்டு பேருக்கும் அறிமுகமே இல்ல. பின்னாடி நண்பர்கள் ஆனதும் ப்ரையன் இந்த வீட்டுக்கு வருவார், ரெண்டு பேரும் உட்கார்ந்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ரெக்கார்டுகளைக் கேட்பாங்க. பலகை திறப்பு விழாவுக்கும் ப்ரையன் வந்திருந்தார். திரையை விலக்கினது ஃப்ரெடியோட தங்கை.

பேச்சலர் ரூம் காலம்

அடுத்த பகுதி நம்மள்ல நிறைய பேருக்கு நல்லாவே தெரியும். காலேஜ் முடியற சமயம், 1969ல, பார்ன்ஸ் பகுதியில ஃபெர்ரி ரோட்ல ஒரு ஃபிளாட். இசைக்காரங்க, நண்பர்கள், நண்பர்களோட நண்பர்கள்னு கூட்டமா தங்கினாங்க. இருக்கற படுக்கையை விட ஆள் அதிகம். நம்ம ஊர் பேச்சலர் ரூம்தான், ஊர் மட்டும் லண்டன்.

அந்தச் சமயத்துல ஃப்ரெடியும் டிரம்மர் ரோஜர் டெய்லரும் கென்சிங்டன் மார்க்கெட்ல பழைய துணி விக்கிற கடை போட்டாங்க. அந்த மார்க்கெட் கட்டடம் இப்போ இல்ல, இடிச்சாச்சு.

அடுத்து மேரி ஆஸ்டின். கென்சிங்டன்ல பீபாங்கற துணிக்கடையில வேலை பார்த்தவர். ரெண்டு பேரும் சேர்ந்து விக்டோரியா ரோட்ல ஒரே ஒரு ரூம் எடுத்தாங்க. வாரத்துக்கு 10 பவுண்டு வாடகை, கிச்சனும் பாத்ரூமும் மத்தவங்களோட பொது. அடுத்தது ஹாலண்ட் ரோடு, 100ம் நம்பர் கட்டடத்துல தனி ஃபிளாட். 'போஹீமியன் ராப்ஸடி' வந்த 1975ல அவர் வாங்கின யமஹா கிராண்ட் பியானோ முதல்ல வந்து இறங்கினது இந்த வாடகை வீட்டுக்குத்தான். அப்புறம் அவர் எங்க வீடு மாறினாலும் அந்தப் பியானோவும் கூடவே போச்சு.

1970களோட கடைசியில 12, ஸ்டாஃபர்ட் டெரஸ். அப்போ அவரும் மேரியும் காதலர்கள் இல்ல, ஆனா கடைசி வரைக்கும் நெருங்கின நண்பர்கள். இந்தத் தெருவுல ஒரு வேடிக்கை. சில கதவு தள்ளி 18ம் நம்பர் வீடு ஒரு மியூசியம். சாம்போர்ன்ங்கற 19ம் நூற்றாண்டு கார்ட்டூனிஸ்ட்டோட வீடு. அவர் வச்ச நாற்காலி, மாட்டின படம்னு எல்லாத்தையும் அப்படியே பாதுகாத்து வச்சிருக்காங்க. அதே தெருவுல ஃப்ரெடி இருந்த வீடு மத்த வீடுகளோட ஒரு வீடு, அவ்வளவுதான். வீட்டைப் பாதுகாக்கணும்னு நினைக்கற ஆள் குடும்பத்துல இருந்தா அது மியூசியம் ஆகுது. இல்லன்னா அடுத்த வாடகைதாரர் வந்துடறார்.

கார்டன் லாட்ஜ்: மாளிகை

1980ல கென்சிங்டன்ல, 1, லோகன் பிளேஸ். பேரு கார்டன் லாட்ஜ். 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஒரு ஓவியரும் சிற்பியான அவர் மனைவியும் கட்டின வீடு. சுத்தி உயரமான செங்கல் மதில், உள்ள ஜப்பானிய பாணியில தோட்டம், குளத்துல கோய் மீன்கள், வீடு முழுக்க பூனைகள். வாங்கினதும் குடி போயிடல. பல வருஷம் வேலை நடந்துச்சு, 1980களோட நடுவுலதான் முழுசா தங்க ஆரம்பிச்சார்.

அந்த வீட்டுல அவரோட வாழ்ந்தவர் ஜிம் ஹட்டன், அயர்லாந்துக்காரர், தொழில் முடிதிருத்தம். 1991 நவம்பர் 23, தனக்கு எய்ட்ஸ் இருக்குன்னு ஃப்ரெடி அறிக்கை விட்டார். அடுத்த நாள் அதே வீட்டுல இறந்துட்டார். வயசு 45.

உயில்படி வீடு மேரி ஆஸ்டினுக்கு. ஜிம்முக்கு 5 லட்சம் பவுண்டு. ஜிம் சில மாசத்துல அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதாச்சு. அந்த வலியை 1994ல வந்த தன்னோட புத்தகத்துல எழுதியிருக்கார். வருஷக்கணக்கா கூட இருந்து, கடைசி நாள் வரைக்கும் பார்த்துக்கிட்ட ஆள். ஆனா அன்னைய பிரிட்டிஷ் சட்டத்துல அந்த உறவுக்கு ஒரு பேரே கிடையாது. ஒரே பாலினத்தவர் தங்கள் உறவைப் பதிவு பண்ணலாம்ங்கற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005 டிசம்பர்ல. இந்த இடத்துல யார் சரி யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ல நான் வரல. எழுதி வச்சது ஃப்ரெடி. ஆனா ஒரு வீட்டுல வாழ்றதும் அந்த வீடு நம்மளோடதா இருக்கறதும் ரெண்டு வேற விஷயம்னு எனக்கு உறைச்சது இங்கதான்.

கல்லறை இல்லாத பாடகர்

இப்போ முக்கியமான விஷயம். ஃப்ரெடிக்கு கல்லறை கிடையாது. உடலைத் தகனம் பண்ணாங்க. அஸ்தி எங்க இருக்குன்னு மேரிக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுங்கறது ஃப்ரெடியோட விருப்பம்.

அப்போ ரசிகர்கள் எங்க போவாங்க? சுவிட்சர்லாந்துல மோன்ட்ரோ ஊர்ல, ஏரிக்கரையில, 1996ல வச்ச சிலை இருக்கு. அந்த ஊர்ல குயீனுக்கு ஸ்டூடியோ இருந்தது, கடைசி காலத்துல ஃப்ரெடி அங்க ஒரு அபார்ட்மென்ட்டும் வாங்கினார். லண்டன்ல இருக்கறவங்க கார்டன் லாட்ஜ் மதிலுக்குப் போனாங்க. பூ வச்சாங்க, லெட்டர் ஒட்டினாங்க, சுவர்லயும் பச்சைக் கதவுலயும் எழுதினாங்க. 25 வருஷத்துக்கும் மேல அந்த மதில்தான் கல்லறையா இருந்தது. 2017ல அதையெல்லாம் சுத்தம் பண்ணிட்டாங்க. அந்த வீட்டுக்குள்ள அப்போ ஒருத்தர் நிஜமா குடியிருந்தாங்க இல்லையா, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு.

2023ல வீட்டுல இருந்த பொருட்களை சாத்பீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. அதுக்கு முன்னாடி காட்சிக்கு வச்சப்போ 1,40,000 பேருக்கு மேல வந்து பார்த்தாங்க. ஹாலண்ட் ரோட்டுல இருந்து கூடவே வந்த யமஹா பியானோ 17 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. ரசிகர்கள் கிறுக்கின அந்தப் பச்சைக் கதவு 4,12,750 பவுண்டு! 2024ல வீடும் விற்பனைக்கு வந்துச்சு, 3 கோடி பவுண்டுக்கு மேல கேட்டு. பியானோ ஒருத்தர்கிட்ட, கதவு இன்னொருத்தர்கிட்ட. அந்த வீட்டோட ஃப்ரெடிக்கு இருந்த தொடர்பு இப்படி ஒவ்வொண்ணா கழண்டு போச்சு.

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். பிறந்த வீடு எதுன்னு ஒரே பதில் இல்ல. பேச்சலர் ஃபிளாட்டுகள் வாடகைக்கு இருந்தது. மாளிகைக்கு மதில் இருக்கு. கல்லறை கிடையாது. தெருவுல நின்னு, யார் அனுமதியும் இல்லாம, 'இவர் இங்க இருந்தார்'ன்னு நிமிர்ந்து படிக்க ஃபெல்தம்ல ஒரு சுவர் இருக்கு. அந்தப் பலகையில ஃப்ரெடி மெர்க்குரிங்கற பேருக்குக் கீழ 'ஃப்ரெட் புல்சாரா'ங்கற பேரும் இருக்கு. மேடைக்கு அவரே வச்சுக்கிட்ட பேரும், அகதியா வந்த குடும்பத்தோட பேரும் ஒரே பலகையில.

அவர்கிட்டயே ஃபார்மைக் கொடுத்திருந்தா ஒருவேளை கார்டன் லாட்ஜ்னு எழுதியிருக்கலாம். தேடித் தேடி, ஆசையா உருவாக்கின வீடு அது. ஆனா ஊர் எழுதினது அப்பா அம்மா வீட்டை.

நான் அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். எங்க வீட்டுச் சுவர்ல யாரும் பலகை மாட்டப் போறதில்ல. ஆனா வாசல்ல அப்பா பேரு எழுதின ஒரு பழைய தபால் பெட்டி இருக்கு, பாதி துரு பிடிச்சது. அதை மாத்திடலாம்னு போன தடவை நான்தான் சொன்னேன். இந்தத் தடவை பெயின்ட் வாங்கிட்டுப் போறேன்.

உங்க ரெண்டாவது கட்டத்துல என்ன அட்ரஸ் இருக்கு? முடிஞ்சா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.