பழைய வண்டியும் பிளக்கின் எழுத்தும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒரு காலத்தில் பெரிய கிராணிமாரும் டிரெசர்மாரும் ஓட்டிய மோரிஸ் மைனர், வோக்ஸ்வாகன் வண்டிகளுள் சில இன்றும் ஓட்டத்தில் உள்ளன. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னும், மகனோ பேரனோ அவற்றைத் துடைத்துப் பேணி வருகின்றனர். அத்தகைய வண்டி ஒரு காலையில் கிளம்ப மறுத்தால் முதற்பழி பிளக்கின்மீது விழும். உடனே சிரம்பானுக்குச் சென்று, விலை கூடியதாகப் பார்த்து நான்கு வாங்கி மாட்டுவோர் பலர். ஆனால் விலையும் பெயரும் மட்டும் நம்பிக்கைக்கு ஈடாகா. பிளக்கின் மேனியிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும். தவறான பிளக் பழைய இயந்திரத்தின் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடக்கூடும்.

பகுபதத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் தமிழாசிரியர்க்கு இது கடினமான கலையன்று. 1936இல் ஜப்பானின் நகோயா நகரில் தோன்றிய என்.ஜி.கே. நிறுவனத்தின் 'பிபி6இஎஸ்' என்னும் பிளக்கை எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் முதலிரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பிளக்கிலோ முன்னது ஆங்கில நெடுங்கணக்கின் 2ஆம் எழுத்து, பின்னது 16ஆம் எழுத்து. முன்னது 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையைக் குறிக்கும். பின்னது பீங்கான் முனை சற்று வெளியே நீண்டிருப்பதைக் காட்டும். 6 என்பது வெப்ப எண். 'இ' என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். 'எஸ்' சாதாரண மின்முனை. இறுதியில் '11' என்ற விகுதி ஒட்டியிருந்தால் பொறி பாயும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் என்று பொருள். மைனர் 1000 வண்டிக்கு வேண்டிய இடைவெளியோ 0.025 அங்குலம், மில்லிமீட்டரில் 0.6க்குச் சற்று மேல். விகுதியைக் கவனியாமல் வாங்கினால் பழைய காயில் அவ்வளவு தூரம் பொறி பாய்ச்சத் திணறும்.

மரையின் நீளத்தில் ஏமாறுவது எளிது. 1948இல் வெளிவந்த முதல் மைனரின் 918 சி.சி. இயந்திரத்திற்கு அரை அங்குல மரையுள்ள சாம்பியன் 'எல்10'. 1956இல் வந்த மைனர் 1000இன் 948 சி.சி. இயந்திரத்திற்கோ முக்கால் அங்குல 'என்5'. முகம் ஏறத்தாழ ஒன்றே, வயிறு வேறு. குட்டை மரைக்குரிய துளையில் நீண்டதைத் திருகினால் அது எரியறைக்குள் நீட்டிக்கொண்டு வால்வையோ பிஸ்டனையோ இடிக்கலாம். நீண்ட துளையில் குட்டையானதை வைத்தால் பொறி உள்ளடங்கிப் போவதோடு, மிஞ்சிய மரையில் கரியும் அடைந்துகொள்ளும். பழைய வோக்ஸ்வாகனுக்கும் அரை அங்குலமே, அதனை என்.ஜி.கே. 'எச்' என்ற எழுத்தால் குறிக்கிறது.

இனி வெப்ப எண். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் சூடேறினால்தான் படிந்த கரி தானே எரிந்துபோகும். 850 பாகையைக் கடந்து வெகுவாக ஏறினால், பொறி பாயுமுன்னரே பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உருகுவது அப்போதுதான். செம்மண் சடக்கில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊரும் வண்டிக்குக் கரித் தொல்லை. அதே வண்டி ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பழைய புக்கிட் புத்துஸ் வளைவுகளில் ஏறிக் கோலப்பிலாவுக்குச் சென்றால் சூட்டுத் தொல்லை. என்.ஜி.கே. வரிசையில் எண் கூடினால் பிளக் சூட்டை விரைந்து வெளியேற்றும். சாம்பியன் வரிசையில் எண் கூடினால் சூட்டைப் பிடித்து வைக்கும். இரண்டும் நேர்மாறு! இதை அறியாமல் 'பெரிய எண் நல்லது' என்று மாற்றியவர்கள் வேண்டாத திசையில் சென்றிருப்பர். மைனர் 1000க்கு என்.ஜி.கே. 6ஆம் எண் பொருந்தும். தோட்டத்தை விட்டு வெளியே போகாத வண்டிக்கு 5ஆம் எண்ணைப் பார்க்கலாம். ஒரு படிக்கு மேல் மாற்றலாகாது.

லாட்ஜ், கே.எல்.ஜி. என்ற பழைய பெட்டிகளைக் கண்டால் சிலருக்கு ஆசை பிறக்கும். முன்னதைத் தொடங்கியவர்கள் இயற்பியலறிஞர் சர் ஆலிவர் லாட்ஜின் புதல்வர்கள். பின்னது பந்தய ஓட்டுநர் கெனெல்ம் லீ கின்னஸின் பெயரெழுத்துகள். வரலாறு இனிமையானதே. எனினும் பல்லாண்டு ஈரத்தில் கிடந்த பிளக்கை, பீங்கானில் கீறலும் மரையில் துருவும் இல்லையெனக் கண்ட பிறகே மாட்டலாம்.

போலிகளும் உலவுகின்றன. அச்செழுத்து மங்கியிருத்தல், மரை சொரசொரப்பாக இருத்தல், நடு மின்முனை ஒருபுறம் சாய்ந்திருத்தல், வாஷர் இழுத்ததும் கையோடு வருதல் ஆகியவை ஐயத்திற்குரியன.

இயந்திரம் ஆறிய பின் பிளக்கைக் கையாலேயே இறுதிவரை திருக வேண்டும். அதன்மேல் ஸ்பேனரால் புதியதற்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். வோக்ஸ்வாகனின் தலைப்பகுதி மெல்லிய கலப்பு உலோகமாதலால் அங்கே முரட்டுக் கை ஆகாது. சில நாள் ஓட்டிய பின் கழற்றிப் பார்த்தால், வெளிர் பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். கரிய பூச்சு கலவையின் மிகுதியை அல்லது பிளக்கின் குளிர்ச்சியைக் காட்டும். வெண்மையும் கொப்புளமும் மிகுசூட்டைக் காட்டும். நான்கில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்விலோ, பிஸ்டன் வளையத்திலோ, பிளக் கம்பியிலோ குற்றத்தைத் தேட வேண்டும், கடைக்காரரிடம் அன்று.