பந்தயத் தடத்தில் பிரேக் படும் பாடு

மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வளைவுக்கு முன்னால் 80-க்கு இறக்க வேண்டும். நல்ல டயர் இருந்தால் மூன்று விநாடியில் வேலை முடிந்துவிடும். போர்ஷே 718 கேமன் போன்ற கார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரையும் சேர்த்து எடை சுமார் 1400 கிலோ. அந்த மூன்று விநாடியில் சுமார் 14 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் கழிந்தாக வேண்டும். அதில் பெரும்பங்கு சூடாக மாறி பிரேக்கில் இறங்குகிறது. நாலு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. அந்தக் காரின் என்ஜின் 300 குதிரைத்திறன்தான். பிரேக்கோ, காற்றின் தடையைக் கழித்த பிறகும், அந்த மூன்று விநாடிக்கு 600 குதிரைத்திறனுக்கு மேல் உழைக்கிறது. ஒரு காரில் மிகச் சக்திவாய்ந்த உறுப்பு எது என்று யாராவது கேட்டால், நான் பிரேக்கைத்தான் சொல்வேன்.

சாலையில் இப்படி ஒருமுறை பிரேக் அடித்தால், அதற்குப் பிறகு ஆறுவதற்கு நிறைய நேரம் உண்டு. தடத்தில் அது கிடைக்காது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். நல்ல காரும் பழகிய கையும் சேர்ந்தால் இரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். டிராக் டே என்பது போட்டியும் பரிசும் இல்லாத நாள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சொந்தக் காரை அதன் முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்க்கலாம். ஒருமுறை உள்ளே போனால் பதினைந்து, இருபது நிமிடம். சுற்றுக்கு நாலு இடத்தில் பலமாகப் பிரேக் பிடித்தால்கூட பத்துச் சுற்றில் நாற்பது முறை ஆகிவிடும்.

முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க் ஒன்று ஒன்பது கிலோ வார்ப்பிரும்பு என்று கொள்வோம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், முன்பக்க டிஸ்க்குகள் இரண்டும் சேர்ந்து எழுபது சதவீத வேலையைச் செய்கின்றன. கணக்குப் போட்டால், மேலே சொன்ன ஒரே அழுத்தலில் அந்த டிஸ்க்கின் வெப்பநிலை கிட்டத்தட்ட நூறு டிகிரி எகிறும். அது முழுதாக ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நாலைந்து சுற்று போனதும் டிஸ்க் 500 டிகிரியைத் தொடுவது அங்கே சர்வ சாதாரணம்.

டிராக் டேக்குக் காரைத் தயார்செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பெரிய காலிப்பரைத்தான், அதாவது பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கவ்வியைத்தான் தேடுகிறார்கள். சிவப்பு வண்ணம், ஆறு பிஸ்டன், கை நிறையச் செலவு. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. காரை நிறுத்துவது கடைசியில் டயர்தான். பெடலை ஓங்கி அழுத்தும்போது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கிறது என்றால், டயர் தாங்கும் அளவுக்கு மேலேயே பிரேக்கிடம் பலம் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் காலிப்பரைப் பெரிதாக்கினாலும் முதல் அழுத்தலில் நிற்கும் தூரம் ஒரு அடிகூடக் குறையாது. நாற்பதாவது அழுத்தலிலும் முதல் அழுத்தலைப் போலவே பிடிக்கிறதா என்பதுதான் தடத்தில் கேள்வி. அதற்குப் பதில் சூட்டின் கையில் இருக்கிறது. சூடு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

டிஸ்க்கில் பிறக்கும் சூட்டின் பெரும்பகுதி காற்றில் கலக்கிறது. மிச்சம், டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடுக்குள் ஏறி, அதன் முதுகிலுள்ள இரும்புத் தகட்டைத் தாண்டி, காலிப்பரின் பிஸ்டனைத் தொடுகிறது. பிஸ்டனுக்குப் பின்னால் இருப்பது பிரேக் ஆயில். நாம் காலால் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது இந்தத் திரவம்தான். அழுத்தினால் சுருங்காது என்பதே அதன் பலம். ஆனால் கொதித்துவிட்டால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி சுருங்கும். பெடல் தடையே இல்லாமல் தரை வரை போகும், கார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தடத்தில் நேரக்கூடிய கோளாறுகளில் இதற்கு ஈடான பயங்கரம் குறைவு.

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சும் தன்மை கொண்டது. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 4 தரத்தின்படி, புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரம் கேட்பது 155 டிகிரிதான். எழுபத்தைந்து டிகிரி பாதுகாப்பு அப்படியே போய்விடுகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில், இரண்டு மூன்று வருடம் மாற்றாத ஆயிலோடு தடத்தில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்குச் சமம். பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்களில் புதியதன் கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600-க்கு அது 312 டிகிரி. காரில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான். சீல் உடைக்காத டப்பாவாக வாங்க வேண்டும். போன முறை மிச்சம் வைத்த பாதி டப்பா ஆகாது.

ஆயில் மாற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிறார். இன்னொருவர் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விடுகிறார்.

"அமுக்கிப் பிடிச்சுக்க தம்பி."

"பிடிச்சிருக்கேன்ணே."

ஸ்பேனர் கால் திருகு திரும்புகிறது. குழாயில் தேநீர் நிறத்தில் பழைய ஆயில் இறங்குகிறது, நடுநடுவே ஊசிமுனை அளவு குமிழிகள். மேலே பெடல் கீழே போகிறது. நிப்பிள் மூடிய பிறகுதான் "விடு" என்று குரல் வரும். அதற்கு முன் காலை எடுத்தால் குழாய் வழியே காற்று உள்ளே ஏறிவிடும். குமிழி நின்று, புது ஆயிலின் தெளிந்த பொன்நிறம் வரும் வரை இதே வேலை. பெரும்பாலான கார்களில், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்கி அருகிலிருப்பதில் முடிப்பார்கள். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் மேலே உள்ள ஆயில் டப்பா காலியாகிவிட்டால் செய்ததெல்லாம் வீண். என்ஜின் ஆயில் துளி கலந்தாலும் பிரேக்கின் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட்டை உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அடுத்தது பேட். சாலைக்கான பேடைக் குளிர்ந்த காலையிலும் முதல் தொடுதலிலேயே பிடிக்கும்படி, சத்தம் போடாதபடி, நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்படி செய்கிறார்கள். 350, 400 டிகிரிக்கு மேல் அது திணறும். பேடுக்குள் இருக்கும் பிசின் சூட்டில் சிதைந்து வாயுவாக வெளியேறி, டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே படலமாக நிற்கும். அப்போது பெடல் கல்லுபோலக் கெட்டியாக இருக்கும், கார் மட்டும் நிற்காது. இந்த வித்தியாசத்தைக் கால் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வேகம் குறையவில்லை என்றால் குறை பேடில். பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. இரண்டிலும் அடுத்த சுற்று போகாமல் மெதுவாக வெளியே வந்துவிட வேண்டும்.

தடத்துக்கான பேட் 600, 700 டிகிரியிலும் பிடி விடாது. பதிலுக்குச் சூடேறாத நிலையில் சரியாகப் பிடிக்காது, கீச்சிடும், டிஸ்க்கைத் தின்னும், அலாய் வீல் முழுவதும் கரித்தூளை அப்பும். பேடின் தடிமனையும் பார்க்க வேண்டும். அதிலுள்ள பொருள்தான் சூடு பிஸ்டனுக்குப் போகாமல் தடுக்கும் சுவர். பாதிக்கு மேல் தேய்ந்த பேட் சாலையில் இன்னும் பல மாதம் ஓடும். தடத்தில் அதுவே புது ஆயிலையும் கொதிக்க வைத்துவிடும்.

பின்பக்க பேடைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்றைய கார்களில் வளைவில் கார் வழுக்காமல் காக்கும் மின்னணு ஏற்பாடு, நம்மைக் கேட்காமலே தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போடுகிறது. தடத்தில் அது ஓயாமல் வேலை செய்யும். மாலையில் சக்கரத்தைக் கழற்றினால், முன்பக்கத்தைவிடப் பின்பக்க பேட் அதிகம் தேய்ந்திருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

புது பேட் மாட்டியதும் நேரே தடத்தில் இறங்கக் கூடாது. ஆளில்லாத பாதையில் நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாகத் தொடங்கி மேலும் மேலும் அழுத்தமாகப் பத்துத் தடவை பிரேக் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் தயாரித்தவர் சொல்லும் முறை இதிலிருந்து கொஞ்சம் மாறலாம். பேடின் பொருள் மெல்லிய பூச்சாக டிஸ்க் முழுவதும் சமமாகப் படிவதற்கே இந்தச் சடங்கு. நன்றாகப் படிந்த டிஸ்க்கில் சாம்பல் நீலச் சாயல் ஒரே சீராக இருக்கும். திட்டுத்திட்டாகப் படிந்தால் ஸ்டீரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிக் கழற்றப்படும் பல டிஸ்க்குகளின் உண்மையான நோய் இந்தத் திட்டுகள்தான்.

டிஸ்க்கின் கதையே சூட்டின் கதை. முன்காலத்து டிரம் பிரேக்கில், சூடேறிய டிரம் விரிந்து உள்ளிருக்கும் லைனிங்கைவிட்டு விலகிப்போகும். காலை இன்னும் ஆழமாக அழுத்த வேண்டிவரும், ஒரு கட்டத்தில் அழுத்தவும் இடமிருக்காது. டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கியே விரிகிறது. திறந்த காற்றிலும் சுழல்கிறது. 1953-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப்பை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டி வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் 100 மைல் சராசரியைத் தாண்டி வென்ற முதல் கார் அது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடிக்க முடிந்ததும், அதை இரவும் பகலும் தொடர்ந்து செய்ய முடிந்ததும் அந்த வெற்றிக்குப் பெரிய காரணம்.

இன்றைய முன்பக்க டிஸ்க்குகள் இரண்டு தட்டுகளும் நடுவே காற்று போகும் வழிகளும் கொண்டவை. சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரம் வழியாக வீசும். நடுப்பகுதிக்குக் குளிர்ந்த காற்று போனால்தான் இது பலிக்கும். அதனால் முன்பம்பரிலிருந்து குழாய் போட்டு அங்கே காற்றைக் கொண்டுவருகிறார்கள். டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகரத்தைக் கழற்றுவதும் உண்டு. தினமும் சாலையில், மழையில் ஓட்டும் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். துளை போட்ட டிஸ்க் கண்ணுக்கு அழகு, ஆனால் தடத்தின் சூட்டில் விரிசல் முதலில் அந்தத் துளைகளில்தான் தொடங்கும். வெறும் டிஸ்க்கோ கீறல் போட்ட டிஸ்க்கோ போதும். மயிரிழை போன்ற மேற்பரப்புக் கோடுகள் தடத்தில் ஓடிய டிஸ்க்கில் சகஜம். விரல்நகத்தை ஓட்டிப் பார்த்தால் நகம் மாட்டுகிற விரிசல், அல்லது ஓரம் வரை போய்விட்ட விரிசல் இருந்தால் அந்த டிஸ்க் அன்றோடு பழைய இரும்பு. எவ்வளவு மெலிந்தால் மாற்ற வேண்டும் என்பது டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஓட்டி முடித்த பிறகு கோட்டைவிடுபவர்கள் உண்டு. கார் ஓடும்வரை காற்று டிஸ்க்கைக் குளிர்விக்கிறது. நின்றதும் அந்த உதவி நின்றுவிடும். டிஸ்க்கில் தேங்கிய சூடு முழுவதும் காலிப்பருக்குள் ஏறும். ஓடும்போது கொதிக்காத ஆயில் நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில் கொதிக்கலாம். அதனால் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல், கியரிலேயே வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். தடத்தோரப் பிட்டுக்கு வந்ததும் பெடலை அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பேட் ஒட்டியிருக்கும் இடத்தில் அதன் அச்சு டிஸ்க்கில் விழுந்து, முன்பு சொன்ன உதறல் வந்துவிடும். ஹேண்ட் பிரேக்கும் போடக் கூடாது. மேனுவல் காரானால் கியரில் விட்டு, ஆட்டோமேட்டிக் ஆனால் பார்க்கில் போட்டு, டயருக்குக் கட்டை வைத்தால் போதும். மறுபடி உள்ளே போகும் முன் நின்ற இடத்திலேயே பெடலை இரண்டுமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். காலையில் இருந்த உயரத்தில் பெடல் நிற்கவில்லை என்றால், நிப்பிளில் மறுபடி குழாய் மாட்டி ஆயில் எடுத்த பிறகே தடம்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் தடத்துப் பேடைக் கழற்றிச் சாலைப் பேடை மாட்டிவிடுவது நல்லது. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் குறுக்கே வரும் மாட்டுக்குப் பிடிக்கும் முதல் பிரேக், சூடேறாத பந்தயப் பேடை நம்பி இருக்கக் கூடாது. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, கழற்றிய பேடுகள் ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்து, எந்தச் சக்கரத்தினது என்று முதுகில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறைக்கு எத்தனை சுற்று மிச்சமிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.