கொட்டிலில் கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிள்: இறுகிய எஞ்சினுக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாம்!

உங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டிலில், கிழிந்த சாக்குகளுக்கும் உடைந்த கதிரைகளுக்கும் அடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடக்கிறதா? வாப்பா ஓடியதாக இருக்கலாம். அல்லது அவருடைய வாப்பா வாங்கியதாக இருக்கலாம். டயர்கள் வெடித்து, பெற்றோல் தாங்கி துருப்பிடித்து, ஆசனத்தில் எலி கூடு கட்டியிருக்கும். உதைத்துப் பார்த்தால் கிக்கர் கல்லைப்போல் அசையாமல் நிற்கும். "எஞ்சின் ஜாமாகிவிட்டது. இனி ஒன்றுக்கும் உதவாது" என்று யாராவது தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். பழைய இரும்பு வாங்குபவர் படலையடியில் நின்று, நிறுத்து எடுக்க ஆயத்தமாக இருப்பார்.

கொடுப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். நின்ற இடத்திலேயே இறுகிய எஞ்சின்கள் பலவற்றை மீண்டும் இயங்க வைக்கலாம். இருபது, முப்பது வருடத் துரு செய்யாத சேதத்தை, ஆர்வம் மிகுதியால் நாம் முதல் அரை மணி நேரத்தில் செய்துவிடுகிறோம் என்பதே உண்மை. கிக்கரில் ஏறி மிதிப்பதும், சுத்தியலால் அடிப்பதும், இன்னொரு வாகனத்தில் கட்டி இழுப்பதும் நல்ல எஞ்சினையும் உடைத்துவிடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். பி.எஸ்.ஏ. பன்டம் என்ற சிறிய வண்டியை எடுத்துக்கொள்வோமே.

சேவல் சின்னம் பொறித்த வண்டி

பன்டம் என்பது சிறிய இனக் கோழியின் பெயர். தாங்கியில் சேவல் சின்னத்தோடு 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து இது வெளிவந்தது. முதலாவது மொடலான டி1, 123 சீ.சீ. கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. கியர்கள் மூன்றே மூன்று. 1971 வரை பல மொடல்களாக 3 இலட்சத்துக்கும் அதிகமான பன்டம்கள் தயாரிக்கப்பட்டன. பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் தந்திச் சேவகர்கள் சிவப்பு நிற பன்டத்தில்தான் வீடு வீடாகப் போனார்கள்.

இதன் பூர்வீகம் இங்கிலாந்து அல்ல என்பது பலருக்குத் தெரியாது. 1939இல் ஜேர்மனியின் டீ.கே.டபிள்யூ. நிறுவனம் தயாரித்த ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள், இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயின. அதே வண்டியின் சாயலில் அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் 125, சோவியத் நாட்டில் மொஸ்க்வா, இங்கிலாந்தில் பன்டம் ஆகியவை பிறந்தன. யமஹா நிறுவனம் 1955இல் வெளியிட்ட அதன் முதலாவது மோட்டார் சைக்கிளும் இதே வார்ப்புத்தான். ஜேர்மன் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாற்றி பி.எஸ்.ஏ. தயாரித்ததால், பன்டத்தில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். இன்றைய வண்டிகளில் பழகிய நீங்கள் இதை மறந்தால், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் கியரை மிதித்துவிடுவீர்கள்!

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "இந்த வண்டி கடைசியாக எப்படி நின்றது?"

எஞ்சின் இறுகுவது இரண்டு விதம். ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் போதாமல் சூடேறி, பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் உருகி ஒட்டிக்கொள்வது ஒன்று. நல்ல நிலையில் கொண்டுவந்து நிறுத்திய வண்டி, வருடக்கணக்கில் கிடந்து துருவினால் இறுகுவது மற்றொன்று. "கண்டிக்குப் போகிற வழியில் ஏற்றத்தில் பிடித்துக்கொண்டது" என்றால் முதலாவது வகை. "புது வண்டி வாங்கிய பிறகு இதை ஓடவில்லை" என்றால் இரண்டாவது வகை. முதலாவது வகையில் எஞ்சினைக் கழற்றிப் பார்க்காமல் வேறு வழியில்லை. இரண்டாவது வகையில்தான் நம்பிக்கை அதிகம்.

இதற்கு விடை சொல்லக்கூடியவர் உம்மாவாகவோ உம்மும்மாவாகவோ இருக்கலாம். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் அநேகமாக அவர்களுக்குத்தான் தெரியும். சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்துள்ள இலக்கங்களைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எக்காரணம் கொண்டும் அந்த இலக்கங்களின்மேல் அரம் போடவோ தடித்த வர்ணம் பூசவோ வேண்டாம். இலக்கம் அழிந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதையில் ஓட முடியாமல் போகும்.

ஏன் இறுகுகிறது?

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள வெளி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகள் மட்டுமே. சுமார் ஒரு தலைமயிரின் தடிப்பு! சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் ஈரக்காற்று உள்ளே போகிறது. இரவுக் குளிரில் அது நீர்த்துளியாகப் படிகிறது. காத்தான்குடி, பேருவளை போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. சிலிண்டர் வார்ப்பிரும்பு. துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அந்தத் தலைமயிரளவு வெளி அடைபட்டதும் ரிங்குகள் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன.

ஆகவே இங்கே தேவைப்படுவது, அந்த நுண்ணிய வெளிக்குள் எண்ணெய் ஊறிச் செல்வதற்கான அவகாசம். பலத்துக்கு வேலையில்லை.

எண்ணெய் ஊறும் நாட்கள்

பிளக்கைக் கழற்றுவதற்கே ஒரு நாள் முன்னதாக அதைச் சுற்றி எண்ணெய் விடுங்கள். கழற்றிய பின் ஒரு மெல்லிய குச்சியைத் துவாரத்தினுள் மெதுவாக விட்டு, பிஸ்டன் மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் கீழே நின்றால் புகைவழி திறந்திருக்கும். ஊற்றும் எண்ணெய் அந்த வழியாக ஓடிவிடும். அப்படியானால் சைலன்சர் குழாயைக் கழற்றி, அந்த வாயைத் துணியால் இறுக அடையுங்கள்.

கடையில் கிடைக்கும் துருநீக்கி எண்ணெய் நல்லது. ஓட்டோ கியர் ஒயிலையும் அசிட்டோனையும் சம அளவு கலந்தும் பயன்படுத்தலாம். இவை இரண்டும் ஒன்றுசேர்ந்து நில்லாதவை என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் டீசல்கூட உதவும். அரைக் கோப்பைக்கும் குறைவாக ஊற்றினால் போதும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். எனவே இந்த வேலையைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடாதபடி, எண்ணெய்க் கலவையைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஒரு கிழமை விடுங்கள். தினமும் பார்த்து, குறைந்தால் ஊற்றுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, ஆகக் கூடிய கியரில் போடுங்கள். சில்லை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கிக்கரை மிதிப்பதைவிட இது பாதுகாப்பானது. அசையவில்லையா? விட்டுவிடுங்கள். நாளை பார்க்கலாம். இரண்டு, மூன்று கிழமைகூட ஆகலாம். என்றோ ஒரு நாள் நூலளவு அசையும். அன்றைக்குச் சந்தோஷத்தில் முழுச் சுற்றுச் சுற்றிவிடாதீர்கள்! அசைந்த அளவுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஆட்டி, மீண்டும் எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வழியைப் பெரிதாக்குங்கள்.

ஒரு மாதமாகியும் அசையாவிட்டால் சிலிண்டரின் தலைமூடியைக் கழற்ற வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஆங்கில வண்டிகளின் நட்டுகள் மில்லிமீற்றர் கணக்குக்கு அமைந்தவையல்ல. விட்வர்த் அளவு ஸ்பானர் தேவை. கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டுபோகும். மூடியைக் கழற்றியபின், சிலிண்டரின் வெளிப்புறத்தை வெந்நீரில் நனைத்த துணியால் சூடாக்கி ஆறவிடுங்கள். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் சற்று ஆழமாக இறங்கும். அதன் பிறகே, பிஸ்டனின் அளவுக்குச் சற்றுச் சிறிய மரக்கட்டையொன்றை அதன்மேல் வைத்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். இரும்பால் இரும்பில் அடிக்கவே கூடாது.

அசைந்துவிட்டால் ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது! பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். சுவரிலிருந்து கழன்ற துருத்தூள் அனைத்தும் இப்போது எஞ்சினுக்குள் இருக்கிறது. அதோடு ஓடவிட்டால் பெயரிங்குகளும் சிலிண்டரும் சில நிமிடங்களில் பாழாகிவிடும். எஞ்சினைக் கழற்றித் துப்புரவு செய்தேயாக வேண்டும். நல்ல பாஸ் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்து, நட்டுகளைத் தனித்தனி டின்களில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

சிலிண்டர் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் குழிகள் இருந்தால், லேத் பட்டறையில் போர் செய்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும். பன்டத்துக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு கூடிய பிஸ்டன்கள் உண்டு. பிஸ்டன் கைக்கு வந்த பின்னரே போர் செய்யக் கொடுங்கள். சிலிண்டரைப் பிஸ்டனுக்கு ஏற்றபடி கடைய வேண்டுமே தவிர, கடைந்த பிறகு பிஸ்டன் தேடுவது முறையல்ல. இரண்டு ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங்கின் வாய் பொருந்துவதற்குச் சிறு முளை இருக்கும். ரிங்கின் வாய் அதற்கு நேராக அமராவிட்டால் ரிங் உடைந்துவிடும்.

தண்டின் இருபுறமுமுள்ள எண்ணெய் சீல்களைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காய்ந்த சீல் வழியாகக் காற்றுப் புகுந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறும். பாடுபட்டு விடுவித்த பிஸ்டன் மறுபடியும் இறுகிவிடும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தாங்கியினுள் வினாகிரி ஊற்றி இரண்டு நாள் வைத்து, ஒரு பிடி சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு கழரும். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி உடனே காயவையுங்கள். ஓட்டைத் தாங்கியை வீட்டில் வெல்டிங் செய்ய வேண்டாம். வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த தாங்கியிலும் பெற்றோல் ஆவி தங்கியிருந்து வெடிக்கலாம். பழைய பிரேக் சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அந்தத் தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பொயின்ற் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்குக்கு வையுங்கள். டயர், டியூப், பிரேக் கேபிள் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும்.

முதல் நாள்

பன்டத்துக்குத் தனி எண்ணெய்ப் பெட்டி இல்லை. பெற்றோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். ஏறத்தாழ 20 முதல் 25 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய். வெறும் பெற்றோல் ஊற்றினால் அன்றே எல்லாம் முடிந்துவிடும். திறந்த முற்றத்தில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஊறவைத்த எண்ணெயெல்லாம் எரிந்து முற்றமே புகையாகும். பயப்பட வேண்டாம். சில நிமிடங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, முழுமையாக ஆறவிட்டு, நட்டுகளைச் சரிபார்த்து மறுபடி ஓடவிடுங்கள். முதல் சில நூறு மைல்கள் மெதுவாகவே ஓட வேண்டும். பாதைக்கு எடுப்பதற்கு முன் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தலைக்கவசம் ஆகிய மூன்றும் ஆயத்தமா என்று பாருங்கள்.

வர்ணத்தில் அவசரப்படாதீர்கள். ஆரம்பகால பன்டத்துக்குரிய மங்கிய பச்சை நிறம் ஆங்காங்கே எஞ்சியிருந்தால் அதை அப்படியே விடுவதில் தவறில்லை. பளபளக்கும் புது வர்ணத்தை எப்போதும் அடிக்கலாம். வாப்பாவின் முழங்கால் உரசித் தேய்ந்த இடத்தை மறுபடி உண்டாக்க எந்தப் பெயின்ற் கடையாலும் முடியாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது இலாபம் தரும் வேலையல்ல. கடன் வாங்கிச் செய்யாதீர்கள். இந்த மாதம் சீல், அடுத்த மாதம் டயர் என்று குடும்பச் செலவைப் பாதிக்காமல் படிப்படியாகச் செய்யுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகனோ மகளோ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றிவிட்டு நாளை வரை காத்திருக்கும் பொறுமையை அவர்கள் இந்த வேலையில் கற்றுக்கொள்வார்கள்.

பழைய இரும்புக்காரர் எப்போதும் வருவார். இந்த மாதம் அவரை அனுப்பிவிட்டு, பிளக்கைச் சுற்றி நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். மற்றதை நாளை பார்க்கலாம்.