பாட்டி ஓட்டின கார்!

''கம்மி கிலோமீட்டர்... ஒரே ஓனர்... அதுவும் ஒரு பாட்டி!'' - பழைய கார் தேடுகிறவனிடம் இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள். அப்படியே உருகிவிடுவான். நானும் உருகினேன்!

பாரிஸுக்கு வடக்கே சர்செலில் குடியிருக்கிறோம். 2019-ல் என் மனைவிக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. ஷிஃப்ட், விடிகாலை 4 மணிக்கு! அந்நேரம் ரயில் ஏது? ''ஒரு சின்ன கார் இருந்தா போதுங்க'' என்றாள். சீட்டு எடுத்த பணம் 2,000 யூரோ கையில். எல்லாமே அதற்குள் முடிய வேண்டும்!

அகப்பட்டது, 2006-ம் வருஷத்து ரெனோ ட்விங்கோ. 1992-ல் பாரிஸ் மோட்டார் ஷோவில் அறிமுகமான அந்தத் தவளைக்கண் கார்! நீளம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. எங்கள் தெருவில் கிடைக்கிற சந்தில் சொருகிவிடலாம். பின்சீட்டை முன்னே தள்ளினால் அரிசி மூட்டை ஜம்மென்று உட்காரும்.

ஓடியது 46,000 கிலோமீட்டர். ஓட்டியது பிரெஞ்சுப் பாட்டி, சந்தைக்கும் சர்ச்சுக்கும். பிரான்ஸில் நாலு வயசு தாண்டிய காரை விற்க, ஆறு மாதத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அதையும் நீட்டினார். பிரேக், லைட், ஸ்டீயரிங், புகை... எல்லாம் ஓகே!

நான் பர்ஸைத் திறக்க, கூட வந்த புதுச்சேரி மெக்கானிக் தம்பி கையைப் பிடித்தார்.

''டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்கண்ணே.''

''அதான் சர்ட்டிஃபிகேட் இருக்கே தம்பி?''

''அவங்க எதையும் கழட்டிப் பாக்க மாட்டாங்க. பெல்ட் உள்ளே இருக்கு. ரப்பர்! ஓடினா தேயும், சும்மா நின்னாலும் வயசாகும். கிலோமீட்டர் கணக்கு ஒண்ணு, வருஷக் கணக்கு ஒண்ணு. எது முதல்ல வருதோ, அப்ப மாத்தணும். ஓடுறப்ப அறுந்தா, நிறைய இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். அப்புறம் சங்குதான்!''

குனிந்து டயரையும் காட்டினார். ஓரத்தில் நாலு இலக்கம், 1406. அதாவது, 2006-ல் 14-வது வாரம் தயாரித்தது. பட்டன் புதுசு மாதிரி... வயசோ 13!

பாட்டி ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். கணவர் சேர்த்த பில்கள். ஆயில், பேட்டரி, வைப்பர் என்று 2011 வரை தேதிவாரியாக. பிறகு ஒன்றுமில்லை. பெல்ட் பில்லும் இல்லை.

''அந்த வருஷம்தான் அவர் போனார்'' என்றார்.

எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். ''உன் மனைவி இருட்டில் நடுரோட்டில் நிற்கக் கூடாது'' என்று, 1,900 யூரோவில் 500-ஐ அவரே குறைத்தார். கார்ட் கிரிஸில் - நம் ஊர் ஆர்.சி. புக் - குறுக்கே கோடு போட்டு, விற்ற தேதி, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோடு போடும்போது அவர் கை ஒரு கணம் நின்றது.

பெல்ட், வாட்டர் பம்ப், நாலு டயர்... தம்பி கூலி வாங்காததால் 500-க்குள் முடிந்தது. கழற்றிய பெல்ட்டை வளைத்தால் விரிசல், விரிசலாக!

அது இன்றும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ''கம்மி கிலோமீட்டர் கார் ஒண்ணு வந்திருக்கு'' என்று யாராவது குதித்துக்கொண்டு வந்தால், எடுத்துக் கையில் கொடுப்பேன்.

கூடவே ஒரே கேள்வி... ''பில் இருக்கா?''