பொரித்த அன்றே பெட்டை எது, சேவல் எது?

தெருவில் கூடையில் வைத்து விற்கும் பச்சை, ரோஸ் கலர் கோழிக்குஞ்சுகள் அநேகமாக எல்லாமே சேவல்கள்தான். நாமக்கல் பண்ணைகளில் வளரும் முட்டைக்கோழி ரகத்தில் பிறந்த சேவல் முட்டையும் இடாது, கறிக்கோழி போலச் சதையும் பிடிக்காது. அதனால் பொரிப்பகத்தில் முதல் நாளே பெட்டைகளைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் சேவல் குஞ்சுகளில் கொஞ்சம் சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன, பெருவாரியானவை கொல்லப்படுகின்றன. ஜெர்மனி இந்தக் கொலையை 2022 ஜனவரி 1 முதல் சட்டம் போட்டு நிறுத்தியது. நாமும் நிறுத்தத்தான் வேண்டும்.

முதல் நாளே எப்படித் தெரிகிறது? கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று சொல்வதை நம்பி அடை வைக்க முடியாது. ஜப்பானியர்கள் 1920களில் குஞ்சின் எச்சத்துளையை மெல்ல விரித்து, உள்ளே இருக்கும் சிறு மொட்டைப் பார்த்துச் சொல்லும் முறையை வகுத்தார்கள். அதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். கை அழுத்திவிட்டால் குஞ்சு செத்துப்போகும். வீட்டில் முயல வேண்டாம்.

எளிய வழி, தாய் தகப்பனைப் பார்த்துச் சேர்ப்பது. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. கோழியில் தாயைப் பொறுத்தது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போகும். மகளுக்கு வாய்க்கும் ஒரே இசட் தகப்பனுடையது.

வீட்டுப் பின்பக்கம் நாலைந்து கோழி வளர்க்க நினைப்பவர், ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, கறுப்பில் வெள்ளை வரி ஓடும் பிளைமவுத் ராக் பெட்டையோடு சேர்க்கலாம். வரியைத் தரும் மரபணு இசட்டில் இருப்பதால் தாயிடமிருந்து அது மகன்களுக்கு மட்டுமே போகும். 21 நாளில் பொரியும் குஞ்சுகள் கறுப்பாக இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. ஜோடியை மாற்றி, வரிச் சேவலோடு சிவப்புப் பெட்டையைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்துவிடும், பிரிக்க வழியில்லை.

வெள்ளை லெகார்ன் ரகத்தில் வெள்ளை மற்ற நிறங்களை மறைத்துவிடும் என்பதால் இறகைப் பார்ப்பார்கள். இறகு வேகமாக முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் சேர்த்தால், மகள் குஞ்சின் இறக்கையில் கீழ்வரிசை மேல்வரிசையைவிட நீண்டிருக்கும். மகனுக்கு நீளாது. இதை முதல் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

கலப்பில் பிறந்தவற்றையே தங்களுக்குள் சேர்த்து மறுபடி அடை வைத்தால் பொட்டு இரு பாலிலும் கலந்து வரும். அதனால் முதல் ஜோடியை விற்றுவிடாதீர்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் அவைதான் வேண்டும்.