குர்ஆன்: படிப்பதா, ஓதுவதா?

"குர்ஆன் படிச்சியா?" என்று பிள்ளைகளிடம் கேட்கும் வீடுகள் இப்போது கூடிவிட்டன. முன்பெல்லாம் "ஓதினியா?" என்றுதான் கேட்பார்கள். அண்மையில் பிக்கட்டியில் ஒரு சகோதரி இதைப் பற்றிக் கேட்டார். ஸ்கூல் புத்தகத்தைப் படிக்கிறோம், பேப்பர் படிக்கிறோம், குர்ஆனுக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு வார்த்தை என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 'குர்ஆன்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று எழுத்து வேரிலிருந்து பிறப்பவை. காஃப், ரா, ஹம்ஸா என்பது குர்ஆன் என்ற சொல்லின் வேர். 'கரஅ' என்றால் ஓதினான், வாசித்தான். அதிலிருந்து வந்த 'குர்ஆன்' என்பதற்கு ஓதுதல், ஓதப்படுவது என்று பொருள். ஹிரா குகையில் முதன்முதலாக இறங்கிய 'இக்ரஃ' (96:1) என்ற கட்டளையும் இதே வேரைச் சேர்ந்ததுதான். அந்த நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் கையில் ஏடு எதுவும் இல்லை. அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்களும் அல்லர். ஜிப்ரீல் (அலை) சொல்லச் சொல்ல, கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். வஹீயின் தொடக்கமே வாயும் செவியும்தான்.

இன்னும் தெளிவாக விளங்க வேண்டுமானால் 17:78 வசனத்தைப் பாருங்கள். அங்கே ஃபஜ்ருத் தொழுகை 'குர்ஆனல் ஃபஜ்ர்' என்று குறிப்பிடப்படுகிறது. அதாவது வைகறையின் ஓதல். அந்த இடத்தில் குர்ஆன் என்பதற்குப் புத்தகம் என்று பொருள் கொண்டால் வாக்கியமே நிற்காது. 75:17, 18 வசனங்களிலும் அப்படியே. அங்கேயும் அந்தச் சொல் ஓதும் செயலைத்தான் குறிக்கிறது.

எல்லா இமாம்களும் இந்த வேரை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. இது எந்த வினையிலிருந்தும் பிறந்ததல்ல, தவ்ராத், இன்ஜீல் போல இதுவும் இறைவன் சூட்டிய ஒரு பெயர், ஹம்ஸா இல்லாமல் 'குரான்' என்றே சொல்ல வேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. ஏழு கிராஅத் இமாம்களில் ஒருவரான மக்காவின் இப்னு கஸீர் அவர்களும் ஹம்ஸா இல்லாமலேயே ஓதினார்கள். 'சேர்த்தல்' என்ற பொருளுடைய வேர்களிலிருந்து வந்தது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. ஆனாலும் ஓதுதல் என்ற பொருளே பரவலாக ஏற்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடலாம். 'குர்ஆன்' என்ற எழுத்துக்கூட்டல் தமிழ் இலக்கணத்துக்குப் புதியது. சொல்லின் நடுவில் 'ஆ' என்ற உயிரெழுத்து தனியாக வந்து நிற்பது தமிழில் வழக்கமில்லை. அரபியின் ஹம்ஸாவுக்கு நம்மிடம் எழுத்து இல்லாததால், அந்த நிறுத்தத்தைக் காட்ட நம்மவர்கள் கண்ட வழி அது. பத்திரிகைகள் 'குரான்' என்று எழுதும்போது நம்மில் சிலர் கோபப்படுகிறார்கள். இமாம் ஷாஃபிஈ அவர்களின் கருத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கோபம் வராது.

அரபியின் சகோதர மொழிகளிலும் இந்த வேர் உண்டு. ஹீப்ரு பேசும் யூதர்கள் தம் வேதத்துக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'மிக்ரா'. அதுவும் வாய்விட்டு வாசிக்கப்படுவது என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்ததுதான். சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் வாசிக்கும் வேதப்பகுதியைக் 'கெர்யானா' என்பார்கள். மக்கள் கூடியிருக்க இறைவார்த்தையை ஒலிக்கச் செய்யும் பழக்கம் அந்த நிலப்பகுதி முழுவதும் இருந்திருக்கிறது.

அப்படியானால் நம் வீட்டு அலமாரியில், துணி சுற்றி உயரத்தில் வைத்திருக்கிறோமே, அது என்ன? அதன் சரியான பெயர் முஸ்ஹஃப். ஏடுகளைச் சேர்த்துக் கட்டியது என்று பொருள். குர்ஆன் தன்னைக் கிதாப் (எழுதப்பட்டது), ஃபுர்கான் (பிரித்தறிவிப்பது), திக்ர் (நினைவூட்டல்) என்றெல்லாம் அழைத்துக்கொள்கிறது. ஆனால் முஸ்ஹஃப் என்ற சொல் குர்ஆனில் ஓரிடத்திலும் இல்லை. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் ஷஹீதானார்கள். அதன் பிறகு, அபூபக்ர் (ரலி) அவர்களின் கட்டளைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) வசனங்களைத் திரட்டினார்கள். பேரீச்சை மட்டைகளிலிருந்தும், வெண்கற்களிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் திரட்டியதாக புகாரியில் வருகிறது. அந்தப் பட்டியலில் நெஞ்சமும் ஓர் ஏடாக இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள்.

திரட்டிய பிறகு அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு எழுந்ததாம். இமாம் ஸுயூத்தி (ரஹ்) தம் அல்இத்கானில் அந்தச் செய்தியை எடுத்துத் தருகிறார்கள். சிலர் சொன்ன 'ஸிஃப்ர்' என்ற பெயர் யூதர்கள் வழங்குவது என்பதால் விடப்பட்டது. அபிசீனியாவில் இத்தகைய நூலை முஸ்ஹஃப் என்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, அது நிலைத்தது. எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் நூலுக்கு 'மஸ்ஹஃப்' என்ற சொல் உண்மையிலேயே இருக்கிறது. ஆக, தாளும் மையும் அட்டையும் முஸ்ஹஃப். அதைத் திறந்து நாவால் மொழியும்போதுதான் அது சொல்லுக்குச் சொல் 'குர்ஆன்' ஆகிறது.

இனி தமிழுக்கு வருவோம். நம் முன்னோர் வேதம், மறை என்ற இரண்டு சொற்களையும் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் இவை இரண்டும் உண்டு. ஃபுர்கானும் 'புறுக்கான்' என்று தமிழ் ஓசைக்கு மாறி அங்கே வருகிறது. வேதம் என்பது 'அறிதல்' என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. இன்று தமிழில் அது எந்த ஒரு சமயத்தாருக்கும் தனிச்சொத்து அல்ல. தென்மாவட்டங்களில் 'வேதக்கோயில்' என்றால் சர்ச். நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் அஹ்லுல் கிதாப் என்பது 'வேதக்காரர்கள்', 'வேதத்தையுடையவர்கள்' என்று வருகிறது.

'மறை' என்பதில்தான் சிலருக்குத் தயக்கம். மறை என்றால் மறைவானது, இரகசியம். குர்ஆனோ தன்னை 'முபீன்', தெளிவானது என்கிறது. பிறகு எப்படித் திருமறை என்பது? வேரை மட்டும் பார்த்தால் கேள்வி சரி. ஆனால் பல நூற்றாண்டுப் புழக்கத்தில் அந்தச் சொல் வேதநூல் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. திருமறை என்று கேட்கும் எந்தத் தமிழ் முஸ்லிமுக்கும் இரகசியம் என்ற எண்ணம் தோன்றுவதில்லை. சொல்லை விலக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

வேதம், மறை இரண்டையும்விடக் குர்ஆன் என்ற சொல்லுக்கு நெருங்கிய தமிழ்ச்சொல் ஒன்று உண்டு. அது 'ஓத்து'. ஓதப்படுவது ஓத்து. திருக்குறளின் 134ஆம் குறளில் வேதம் என்ற பொருளில் வருவது இந்தச் சொல்தான். பழைய தமிழில் வேதத்துக்கு 'எழுதாக் கிளவி' என்றும் பெயர். ஓத்து என்ற பெயர்ச்சொல்லை நாம் விட்டுவிட்டோம். ஆனால் 'ஓது' என்ற வினையை விடவில்லை. யாஸீன் ஓதுகிறோம், ஃபாத்திஹா ஓதுகிறோம், கத்தம் ஓதுகிறோம். ஓர் ஆலிமைப் பற்றிச் சொல்லும்போது 'வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர்' என்போம். அங்கே ஓதுதல் என்றால் கல்வி கற்றல் என்றே பொருள்.

இதை நீலகிரியில் இருப்பவர்கள் கண்கூடாகப் பார்க்கலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார் இருக்கிறார்கள். ஊட்டி, குன்னூரில் தமிழ் பேசுவோரும் உண்டு, உருது பேசுவோரும் உண்டு. மலையாளத்தில் குர்ஆன் கற்றுத்தரும் இடத்துக்கு 'ஓத்துப்பள்ளி' என்று பெயர். கேரள நம்பூதிரிகள் தங்கள் வேதப் பயிற்சியைச் சொல்வதும் 'ஓத்து' என்றுதான். உருதுவில் 'பட்னா' என்ற ஒரே வினை பள்ளிப் பாடத்துக்கும் குர்ஆனுக்கும் பொது. 'படிச்சியா' என்று கேட்பது குற்றம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தமிழில் நமக்குத் தனியாக ஒரு சொல் வாய்த்திருக்கிறது. அதன் பொருளும் அரபியின் பொருளும் ஒன்றோடொன்று பொருந்தியும் இருக்கின்றன.

எழுத்தில் இல்லாமல் ஒரு சொல்மரபு எப்படி நிற்கும் என்று பிள்ளைகள் கேட்டால், எடுத்துக்காட்டுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. பிக்கட்டி, மஞ்சூர் பக்கத்துப் படுகர் ஹட்டிகளையே காட்டலாம். படுகு மொழிக்குப் பழமையான தனி எழுத்து கிடையாது. ஆனாலும் இறப்புச் சடங்கில் ஒரு பெரியவர் நீண்ட மன்றாட்டை மனப்பாடமாகச் சொல்வதும், கூடியிருப்பவர்கள் அதற்கு மறுமொழி கொடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றன. நாவால் காப்பது மலைவாசிகள் அறிந்த வழிதான். குர்ஆனுக்கு நாவும் ஏடும் இரண்டும் காவல்.

"பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கவலை உண்மையானது. தவ்ராத்தைச் சுமந்தும் அதன்படி நடக்காதவர்களை, நூல்களைச் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறது 62:5. ஓதியும் உணர்ந்தும் பிறருக்குச் சொல்லியும் தான் அதன்படி நடக்காதவனைப் போன்ற பேதை இல்லை என்கிறது 834ஆம் குறள். ஆனால் இதற்காக ஓதுதலைக் குறைப்பது மருந்தாகாது. ஓதுதலுக்கு அரபியில் உள்ள இன்னொரு சொல் 'திலாவத்'. அதன் வினையான 'தலா' என்பதற்கு ஓதினான் என்றும் பொருள், பின்தொடர்ந்தான் என்றும் பொருள். சூரியனைச் சந்திரன் பின்தொடர்வதைச் சொல்லும் 91:2 வசனத்தில் வருவது இதே வினைதான். உரிய முறையில் திலாவத் செய்வோரைப் பற்றிய 2:121 வசனத்துக்கு, அதன்படி நடப்போர் என்று ஸஹாபாக்களிடமிருந்தே விளக்கம் வந்திருக்கிறது.

சிறுவயதில் ஓத வாய்ப்பில்லாமல், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு அலிஃப், பே தொடங்கும் தாய்மார்கள் நம்மிடையே பலர். மகனுக்கு முன்னால் தட்டுத் தடுமாறி ஓத வெட்கப்பட்டு, அவனை மக்தபுக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்கிறார்கள். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீஸ் இருக்கிறது. மகன் மக்தபில் அன்று ஓதிய பாடத்தை இரவு வீட்டில் சொல்லச் சொல்லிக் கேட்டு, தாயும் கூடவே திருப்பிச் சொல்லலாம். முதல் வஹீ இறங்கிய முறையும் அதுதான்.